சுடாத துப்பாக்கி

கதை எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்கள் மூன்று தினுசு. புகழ்ந்து எழுதும் கடிதங்களை நான் பத்திரப்படுத்துகிறேன். புத்திமதி சொல்லும் கடிதங்களைப் படித்துவிட்டு மறந்துவிடுகிறேன். மூன்றாவது தினுசு, 'தங்கள் கதையில் ஒரு தப்பு' என்று ஆரம்பிக்கும். அந்தத் தினுசைக் கண்டால்தான் எனக்குக் கொஞ்சம் நடுக்கம். ஏனென்றால் பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாக இருந்து தொலைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் பர்மா யுத்தத்தைப் பற்றி ஒரு சிறுகதை எழுதியிருந்தேன். கரிசல்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து பட்டாளத்துக்குப் போன ஒருவன். 1944-ஆம் வருஷம், எல்லைக் காடு, கொட்டுகிற மழை. ஜப்பானியர்கள் நெருங்கிவிட்டார்கள். துப்பாக்கியைத் தூக்குகிறான், அது அடைத்துக்கொள்கிறது. கீழே போட்டுவிட்டு ஓடுகிறான். 'பயந்தவன் கையில் இரும்பும் பயந்துவிடும்' என்று அந்த இடத்தில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.

பத்து நாள் கழித்து விருதுநகர் ஜில்லாவிலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் எழுதியிருந்தார். கையெழுத்து அணிவகுப்பு மாதிரி நேராக இருந்தது.

'தங்கள் கதையில் வரும் சிப்பாய் பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பயந்தாரா இல்லையா என்பது தங்கள் இஷ்டம். கதை தங்களுடையது. ஆனால் திரீ நாட் திரீ பயத்தினால் அடைத்துக்கொள்வதில்லை. எதனால் அடைத்துக்கொள்ளும் என்று தெரிய வேண்டுமானால் நேரில் வரவும். எழுதிப் புரியவைக்க முடியாது. ஐந்து ஆணி வேண்டும்.'

ஐந்து ஆணிகள்! இந்த ஆணிகள்தான் என்னை இழுத்துக்கொண்டு போயின என்று சொன்னால் மிகையாகாது.

விருதுநகரில் இறங்கியதும் அந்த ஊர்ப் பொரித்த பரோட்டாவைச் சாப்பிட்டேன். அதைச் சாப்பிடாமல் அந்த ஊரைக் கடந்து போவது மரியாதையல்ல. பிறகு சிவகாசி பஸ். திருத்தங்கலுக்கு இப்பால் ஒரு கிராமத்தில் இறங்கி நடந்தேன். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மழை குறைந்த இந்த வறண்ட காற்றுதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வாழ்வு கொடுத்தது. 1922-இல் சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். விளைச்சலை நம்ப முடியாத பூமி நெருப்பை நம்பிப் பிழைக்கத் தொடங்கியது.

அதற்கும் முன்னால் இது பாளையக்காரர்கள் பூமி. பாஞ்சாலங்குறிச்சி விழுந்து, 1801-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் செய்தான். பாளையத்து ஜனங்கள் இனி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆயுதம் பிடுங்கப்பட்ட அதே தென்சீமையில், நூற்றிருபது வருஷங்களுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வெடிமருந்தோடு பழக ஆரம்பித்தார்கள் என்பதை நினைத்து நான் நடந்துகொண்டே சிரித்தேன்.

ஹவில்தாருக்கு எண்பது கடந்திருந்தது. முதுகு மட்டும் இன்னும் பட்டாளத்தில்தான் இருந்தது. திண்ணையில் பேரன் ஒருவன், பொம்மைத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். சுருள் கேப் போட்டுச் சுடுகிற துப்பாக்கி. விசையை இழுத்தால் 'டொக்' என்கிறதே தவிர 'டப்' என்று வெடிக்கவில்லை.

"வாங்க தம்பி. ஒரு நிமிஷம். இவன் துப்பாக்கிய மொதல்ல கவனிச்சிடுறேன். உங்க துப்பாக்கி எம்பது வருஷமா அடைச்சிக் கெடக்கு, இன்னும் கொஞ்ச நேரம் கெடக்கட்டும்" என்றார்.

அறுபது வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஒருவர் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். பொம்மைத் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே மடங்கிச் சிக்கியிருந்த காகிதச் சுருளை எடுத்தார். சுத்தியல் விழும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ பூத்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தார். உலர்ந்த துணியால் துடைத்தார். ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுப் புதுச் சுருள் போட்டுக் கொடுத்தார். டப், டப், டப் என்று தெருவையே சுட்டுக்கொண்டு ஓடினான் பையன்.

"மொதல்ல ஈரத்துணி. அப்பறந்தான் எண்ணெய். இத மட்டும் மறந்துராதீங்க. பின்னாடி சொல்றேன்" என்றார்.

பிறகு ஆணிகள் வந்தன.

வாசகர்களும் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். தட்டையான தலையுள்ள இரண்டு ஆணிகள் போதும். ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே திசையில் படுக்க வையுங்கள். மேல் ஆணியின் தலை, கீழ் ஆணியின் தலைக்கு முன்னால் இருக்கும்படி வைத்து, அதைக் கூர்முனைப் பக்கமாகத் தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு போகும். இப்போது மேல் ஆணியின் தலையைக் கீழ் ஆணித் தலைக்குப் பின்னால் வைத்துத் தள்ளுங்கள். தலையோடு தலை முட்டும். மேலது கீழதையும் இழுத்துக்கொண்டு கிளம்பும். இரண்டும் போகாது.

திரீ நாட் திரீ என்று நம் ஜனங்கள் சொல்லும் லீ என்ஃபீல்டு ரைபிளின் தோட்டாவும் ஆணி மாதிரிதான். அதன் பித்தளைக் கூட்டின் அடியில், கூட்டைவிட அகலமாக ஒரு விளிம்பு உண்டு. பத்துத் தோட்டாக்கள் மேகசினுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். போல்ட்டை முன்னே தள்ளும்போது மேல் தோட்டா குழலுக்குள் போகவேண்டும். மேல் விளிம்பு கீழ் விளிம்புக்குப் பின்னால் மாட்டியிருந்தால் போகாது. எத்தனை பலசாலி தள்ளினாலும் போகாது.

"ஐந்தைந்தா ஒரு கிளிப்புல மாட்டி வரும். அத மேல இருந்து அழுத்தினா பெரும்பாலும் ஒழுங்கா இறங்கிரும். சண்டை நேரத்துல கிளிப்பு தீந்துபோயி, உதிரித் தோட்டாவ ஒண்ணொண்ணாத் திணிக்கும்போதுதான் ஆபத்து. மழை, இருட்டு, சேறு. விரலுக்கு விளிம்பு எங்க இருக்குன்னு தெரியாது."

"அப்படி மாட்டிக்கொண்டால்?"

"தள்ளக்கூடாது. அம்புட்டுத்தான். எல்லாரும் தள்ளத்தான் தள்ளுவான். போல்ட்டப் பின்னால இழுத்து, மேகசினக் கழட்டி, எல்லாத்தையும் வெளியே கொட்டி, திரும்ப அடுக்கணும். அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷத்த எதிரி குடுக்கணுமில்ல?"

நான் பேசாமல் இருந்தேன். என்னுடைய அழகான வாக்கியம் அந்த ஐந்து ஆணிகளுக்கு நடுவே கிடந்தது.

"அது ஒரு வகை. இன்னொரு வகை, தோட்டா சுட்டுரும். ஆனா வெறுங்கூடு வெளியே வராது. குழலோட அடியில ஒட்டிக்கிடும். வெயில்ல கெடந்த தோட்டாவா இருந்தாலும் அப்படி ஆகும். ஆனா அதுக்கு முக்காவாசிக் காரணம் துரு. துருவுக்குக் காரணம் உப்பு. உப்பு எங்க இருந்து வந்துச்சு சொல்லுங்க பாப்போம்?"

எனக்குத் தெரியவில்லை. அவர் திண்ணையிலிருந்தபடியே சிவகாசி இருக்கும் திசையில் கையைக் காட்டினார்.

அன்று அவர் சொன்னதையும், பிறகு ஊருக்குத் திரும்பி நான் புத்தகங்களில் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இனி எழுதுகிறேன். துப்பாக்கியின் சரித்திரம் என்று நாம் படிப்பதெல்லாம் சுட்ட கதை. சுடாத கதை ஒன்று உண்டு. அதுவும் கொஞ்சம் ராஜ்யங்களை ஆட்டிவைத்திருக்கிறது.

பழைய கறுப்பு மருந்து, அதாவது வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த மருந்து, எரிந்தால் முழுதும் புகையாகப் போய்விடுவதில்லை. பாதிக்கு மேல் கெட்டியான கசடாகவே நின்றுவிடுகிறது. நாலைந்து தடவை சுட்டால் குழலின் உட்புறம், பால் பொங்கிக் காய்ந்த அடுப்பு மாதிரி ஆகிவிடும். உட்புறம் வழவழப்பான பழைய மஸ்கட்டுகளுக்கு இது பெரிய தொல்லையல்ல. குண்டைக் கொஞ்சம் சிறிதாக வார்த்துக்கொள்வார்கள், தொளதொளவென்று இறங்கிவிடும். குறி தப்பும், அவ்வளவுதான். ஆனால் குழலுக்குள்ளே திருகுசுருளாகப் பள்ளங்கள் வெட்டிய ரைபிளில் குண்டு இறுக்கமாக இருந்தால்தான் பிரயோஜனம். இறுக்கமான குண்டு கசடில் மாட்டிக்கொள்ளும். இதற்கு ஒரு பரிகாரம் கண்டுபிடித்தார்கள். குண்டைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் கொழுப்பைத் தடவிவிட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும், கசடும் இளகும்.

எந்தக் கொழுப்பு என்று வாசகர்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். 1853-ஆம் வருஷத்து என்ஃபீல்டு ரைபிளின் தோட்டாதான் அது. 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் கிளம்பிய வதந்தி, பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று பரவி, மார்ச் 29-ஆம் தேதி பாரக்பூரில் மங்கள் பாண்டேயின் கையில் வந்து நின்றது. அந்தப் பெரும் கிளர்ச்சிக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு, சரித்திராசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தோட்டாவில் கொழுப்பு ஏன் இருந்தது என்பதை மட்டும் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. துப்பாக்கி அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

அதன் பிறகு வெள்ளையர்கள் செய்த காரியம்தான் சுவாரஸ்யமானது. 1858-இல் இந்தியச் சிப்பாய்களுக்கென்று தனியாக ஒரு துப்பாக்கி தயாரித்தார்கள். பார்வைக்கு அதே என்ஃபீல்டு. உள்ளே திருகு பள்ளம் கிடையாது. தூரத்துக் குறிக்கு உதவாது. ராணியின் வெள்ளைச் சிப்பாய்க்கு ரைபிள். அதே வரிசையில் நிற்கும் நம் சிப்பாய்க்கு வழவழப்பான குழாய். அன்றிலிருந்து வெகு காலம் வரை, வெள்ளைப் பட்டாளம் போட்டுவிட்ட ஆயுதம்தான் இந்தியப் பட்டாளத்துக்கு வந்து சேரும் என்பது எழுதப்படாத சாஸ்திரமாகிவிட்டது. முதல் உலக யுத்தத்தில் நம்மவர்கள் மார்சேல்ஸ் துறைமுகத்தில் போய் இறங்கியதும் அவர்களுடைய ரைபிளை வாங்கிக்கொண்டு புது ரைபிள் கொடுக்க வேண்டியிருந்தது. போலீஸ்காரர்களுக்கும் இதே கதிதான். கல்கத்தாவுக்கு வடக்கே இஷாப்பூரில் இருந்த தொழிற்சாலையில் திரீ நாட் திரீயை எடுத்து, உள்ளே குடைந்து, பள்ளத்தை அழித்து, மேகசினில் மரக்கட்டையை வைத்து அடைத்து, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும்படி செய்து கொடுத்தார்கள். அடைத்துக்கொண்ட துப்பாக்கியைப் பற்றி எழுதப் புறப்பட்டு, அடைத்தே கொடுத்த துப்பாக்கியில் வந்து நிற்கிறேன்!

உப்பின் கதைக்கு வருகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்ஸில் பெர்த்தொலே என்ற ரசாயன பண்டிதர் பொட்டாசியம் குளோரேட் என்ற வெள்ளை உப்பைச் செய்தார். வெடியுப்புக்குப் பதில் இதைப் போட்டால் மருந்து இன்னும் உக்கிரமாக இருக்கும் என்று நினைத்து, 1788-இல் எஸொன் என்ற ஊரில் சோதனை செய்தார்கள். பெரிய மனிதர்கள் காலைச் சாப்பாட்டுக்கு எழுந்து போயிருந்த நேரத்தில் ஆலை வெடித்தது. இரண்டு பேர் இறந்தார்கள். சாப்பிடப் போனவர்களில் லவாய்சியரும் ஒருவர். பிரெஞ்சுப் புரட்சியில் அவர் தலை போனது அதற்கு ஆறு வருஷங்களுக்குப் பிறகு.

பெரிய மருந்தாக உதவாத அந்த உப்பு, சிறிய மருந்தாக உதவியது. ஸ்காட்லாந்தில் ஃபோர்சைத் என்ற பாதிரியாருக்கு வாத்து வேட்டையில் பிரியம். சிக்கிமுக்கித் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் முதலில் வெளியே ஒரு பளிச். பிறகுதான் குண்டு கிளம்பும். அந்தப் பளிச்சைக் கண்டு வாத்துகள் தப்பித்துக்கொண்டன. பாதிரியார் யோசித்தார். அடித்தால் வெடிக்கிற குளோரேட் மருந்தில் ஒரு துளியை வைத்து, சுத்தியலால் தட்டிப் பற்றவைக்கும் முறையைக் கண்டுபிடித்து 1807-இல் உரிமையும் வாங்கிக்கொண்டார். நாளடைவில் அந்தத் துளி ஒரு செப்புக் குல்லாயாயிற்று. பிறகு தோட்டாவின் அடியிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. திரீ நாட் திரீ தோட்டாவின் கேப்பிலும் குளோரேட் இருந்தது. கூடவே அஞ்சனக்கல், பாதரசத்தில் செய்த வெடிமருந்து.

தீக்குச்சித் தலையில் இருப்பதும் அதே குளோரேட். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸோடு சேர்த்துப் பூசுவதும் அதே அஞ்சனக்கல். பேரன் சுடுகிற சுருள் கேப்பிலும் குளோரேட்தான். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை, தேய்த்தாலே வெடிக்கும் அபாயமுள்ளது என்று 1992-இல் சர்க்கார் தடை விதித்தபோதுகூட, தீக்குச்சித் தலைக்கும் பொம்மைத் துப்பாக்கிக் கேப்புக்கும் விலக்கு அளித்தார்கள்.

குளோரேட் வெடித்தால் என்ன மிஞ்சும்? பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு. சமையல் உப்புக்குத் தாயாதி. மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி எப்படிக் கசிகிறதோ, அப்படியே இதுவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு குழலுக்குள் கசியும். ஒரே ராத்திரியில் துருப் பிடிக்கும். துரு தின்ற இடத்தில் இரும்பு குழி விழும். அடுத்த தடவை சுடும்போது பித்தளைக் கூடு உப்பி, அந்தக் குழிகளில் போய்ப் பிடித்துக்கொள்ளும். வெளியே வராது. எதிரி வந்துவிடுவான்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த உப்பு எண்ணெயில் கரையாது. தண்ணீரில்தான் கரையும்.

ஹவில்தார் சேர்ந்தது 1963-இல். நீலகிரியில் வெலிங்டனில் பயிற்சி. பக்கத்திலேயே அருவங்காடு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அங்கே கார்டைட் மருந்து செய்கிறார்கள். நூல் நூலாக, இடியாப்பம் மாதிரி இருக்கும் அந்த மருந்துதான் பழைய தோட்டாக்களுக்குள் இருந்தது. அது கறுப்பு மருந்தைப் போலக் கசடு வைக்காது. அதனாலேயே குழல் சுத்தமாக இருப்பதாகத் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத உப்பு மட்டும் உள்ளே இருக்கும்.

"பயிற்சி முடிஞ்சு வேற ஒரு எடத்துல இருந்தோம். நல்ல மழை. ஒரு நாள் சுட்டுட்டு வந்து, எல்லாரையும்விட நான்தான் அதிகமா எண்ணெய் போட்டேன். குழல் கண்ணாடி மாதிரி மின்னுச்சு. மறுநாள் பரிசோதனை. எட்டிப் பாத்தா உள்ள சிவப்பு. எண்ணெயே போடாத சோம்பேறின்னு என்னை முதுகுல மூட்டைய ஏத்தி ஓட விட்டாங்க. ஓடினேன். என்ன தப்புன்னு எனக்கே தெரியல. ஒரு பழைய சுபேதார் சாயங்காலம் கூப்பிட்டு, 'மடையா, கொதிக்கிற தண்ணிய ஊத்துடா'ன்னார். புனல வச்சுக் குழல்ல வெந்நீர ஊத்தணும். சூட்டுலயே இரும்பு ஒணந்துரும். அதுக்கப்பறம் துணி, அதுக்கப்பறம் எண்ணெய். தண்ணிய இரும்புக்குள்ள ஊத்தணும்னு எவனுக்குத் தம்பி தோணும்?"

ஈரத்துணி முதலில் என்று அவர் சொன்னதன் தாத்பரியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிற்காலத்தில் குளோரேட் இல்லாத கேப்புகள் வந்துவிட்டன. ஆனால் இன்றும் அமெரிக்காவில் பழைய ராணுவ ரைபிள்களை உபரிச் சரக்காக வாங்கிப் பழைய தோட்டா போட்டுச் சுடும் பிரியர்கள், குழலில் வெந்நீர் ஊற்றத்தான் வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் அந்தத் தொல்லை இல்லை. திரீ நாட் திரீ தனி மனிதர்கள் வைத்திருக்கக் கூடாத ரகம்.

துப்பாக்கி அடைத்துக்கொண்டால் குற்றம் யாருடையது? ஹவில்தாரின் கேள்வியெல்லாம் இதுதான். இந்தக் கேள்வி ஒரு தேசத்தையே கலக்கிய சந்தர்ப்பமும் உண்டு. கனடாக்காரர்கள் முதல் உலக யுத்தத்துக்குத் தங்கள் நாட்டிலேயே செய்த ராஸ் ரைபிளோடு போனார்கள். பந்தயத்தில் குறி பார்த்துச் சுட அதைப் போல் ரைபிள் இல்லை என்று பெயர். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில் ஈப்ரே சண்டை. சேற்றிலும் சூட்டிலும் ராஸ் ரைபிளின் போல்ட் இறுகிவிட்டது. சிப்பாய்கள் பூட்ஸ் காலால் உதைத்தார்கள். மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை எறிந்துவிட்டு, செத்துக் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். அதே ஈப்ரேயில் அதே வாரத்தில் நம் லாகூர் டிவிஷனும் லீ என்ஃபீல்டோடு சண்டை போட்டது.

கனடாவின் ராணுவ மந்திரி சாம் ஹியூஸ் கடைசி வரை தம் ரைபிளை விட்டுக்கொடுக்கவில்லை. தோட்டா சரியில்லை என்றார். அது பாதி உண்மையும்கூட. பிரிட்டனில் செய்த தோட்டாக்கள் சில, அளவில் மயிரிழை பெருத்திருந்தன. லீ என்ஃபீல்டின் அறை தாராளமாக இருந்ததால் அது விழுங்கிக்கொண்டது, ராஸின் அறை இறுக்கமாக இருந்ததால் தொண்டையில் சிக்கியது. இன்னொன்றும் இருந்தது. போல்ட்டை வேகமாகப் பின்னுக்கு இழுக்கும்போதெல்லாம் அதன் மரை ஒரு தடுப்பில் மோதி நசுங்கிக்கொண்டே வந்தது. சிப்பாய் எவ்வளவு அவசரப்பட்டானோ அவ்வளவு சீக்கிரம் கெட்டது. அவசரப்படாமல் யுத்தம் செய்யச் சொல்லிக்கொடுக்க யாராலும் முடியவில்லை. 1916 முடிவதற்குள் போர்முனையிலிருந்து ராஸ் போய்விட்டது. ஆனால் அந்த முதல் ஒரு வருஷத்தில் பழி சுமந்தது யார்? துப்பாக்கியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று பெயர் வாங்கிய சிப்பாய்தான்.

இதை ஹவில்தாருக்குக் கடிதத்தில் எழுதினேன். அவருடைய பதில்: 'இங்கேயும் அப்படித்தான். வெடி விபத்து என்றால் மறுநாள் பேப்பரில் உராய்வு, தொழிலாளியின் கவனக்குறைவு என்று வருகிறது. அறைக்கு நாலு பேர் என்பது விதி. எத்தனை பேரை உட்கார வைத்திருந்தார்கள், என்ன கலவை கொடுத்தார்கள் என்று அப்புறம் மெதுவாக வருகிறது. சில சமயம் வருவதே இல்லை.'

திரீ நாட் திரீயை நான் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அது நல்ல ஆயுதம். தாராளமான இடைவெளிகளோடு செய்ததால் சேற்றைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் 1962-இல் சீனர்களின் தானாகச் சுடும் துப்பாக்கிகளுக்கு முன்னால், பனிமலையில், பருத்தி உடுப்போடு நின்ற நம் ஜவான்களின் கையிலும் அதையே கொடுத்திருந்தோம். அந்தச் சண்டைக்குப் பிறகுதான் இஷாப்பூரில் அதே உருவத்தில், விளிம்பில்லாத 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஒரு ரைபிள் செய்தார்கள். ஆணித் தலை இல்லாத தோட்டா. தலையோடு தலை முட்டும் பேச்சே இல்லை. பட்டாளம் கைவிட்ட திரீ நாட் திரீ போலீஸுக்குப் போயிற்று. 2008 நவம்பரில் பம்பாய் ரயில் நிலையத்தில் பயங்கரவாதிகளை எதிர்த்து நின்ற காவலர்களின் கையில் அது இருந்தது. உத்தரப் பிரதேசப் போலீஸார் 2020-ஆம் வருஷத்துக் குடியரசு தினத்தன்றுதான் அதற்குக் கடைசி அணிவகுப்பு நடத்தி விடை கொடுத்தார்கள்.

அன்று மாலை நான் கிளம்பும்போது, பஸ் நிற்கும் இடம் வரை ஹவில்தார் கூட வந்தார். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண்மணி தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். கை பார்க்காமலே வேலை செய்தது. கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம்.

"ஒங்க கதைய ரெண்டு தடவ படிச்சேன் தம்பி" என்றார். "எங்கய்யா பர்மாவுல இருந்தவரு. நாப்பத்தாறுல திரும்பி வந்தாரு. எனக்கு அப்ப மூணு வயசு. கூட இருந்த ஊர்க்காரன் ஒருத்தன் வந்து சொல்லிட்டான். சண்டையில இவரு துப்பாக்கி சுடலையாம், பக்கத்துல நின்னவன் செத்துப்போனானாம். அதுக்கப்பறம் ஊர்ல அவருக்குப் பேரே 'சுடாத துப்பாக்கி'. கடைக்குப் போனா அந்தப் பேரு. கல்யாண வீட்டுக்குப் போனா அந்தப் பேரு. என்னைப் பள்ளிக்கூடத்துல 'சுடாத துப்பாக்கி மவன்'னுதான் கூப்பிடுவாங்க."

நான் நின்றுவிட்டேன்.

"அவரே சொல்லுவாரு, 'மழையில உதிரியாப் போட்டேன், தள்ளினேன், போகல. அது என் விதி'ன்னு. வெலிங்டன்ல மொத மாசமே இத எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க. எனக்கு ராத்திரி தூக்கமே வரல. லீவுல வந்த அன்னைக்கே அவர திண்ணையில உக்கார வச்சு, ஆணி எடுத்துட்டு வந்து காட்டினேன். இப்ப ஒங்களுக்குக் காட்டினேன் பாருங்க, அதே மாதிரி."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. அந்த ஆணிய எடுத்து அவரே ரெண்டு மூணு தடவ தள்ளிப் பாத்தாரு. முன்னால வச்சு, பின்னால வச்சு. அப்பறம் மடியில முடிஞ்சுக்கிட்டாரு."

பஸ் வந்துவிட்டது.

கதையைப் புத்தகமாக அச்சிட்டபோது அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். சிப்பாய் ஓடவில்லை. மழையில் மேகசினைக் கழற்றித் தோட்டாக்களைக் கொட்டித் திரும்ப அடுக்குகிறான். அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். முதல் பிரதியை ஹவில்தாருக்கு அனுப்பினேன். பதினைந்து நாள் கழித்து, அதே அணிவகுப்புக் கையெழுத்தில் தபால் கார்டு வந்தது.

'புத்தகம் கிடைத்தது. சந்தோஷம். 84-ஆம் பக்கத்தில் சிப்பாய் அடுக்கி முடித்துவிட்டுத் தொடர்ந்து பன்னிரண்டு தடவை சுடுகிறார். மேகசின் பத்துதான் பிடிக்கும். அடுத்த பதிப்பில் திருத்தவும்.'